ஒரு பேட்டி, 23 வழக்குகள்: இன்றைய இணையச் சண்டைக்கு 2005-லேயே நடந்த ஒத்திகை

ஒரு நடிகை ஒரு பத்திரிகையிடம் தன் கருத்தைச் சொன்னார். அதற்காக அவர் மேல் 23 குற்றப் புகார்கள். அத்தனையும் ரத்தாக நாலரை ஆண்டு ஆனது. அப்போது வாட்ஸ்அப் இல்லை, ட்விட்டர் இல்லை, யூடியூப் பிறந்து சில மாதம்தான். ஆனாலும் ஒரு பெண் இன்று இணையத்தில் வாய் திறந்தால் என்னென்ன நடக்கிறதோ, எல்லாமே அன்று குஷ்புவுக்கு நடந்துவிட்டது. வணக்கம் மக்களே, இந்தக் கதையைக் கடைசிவரை பாருங்கள்.

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 2005 செப்டம்பரில் இந்தியா டுடே இதழ், பெருநகரங்களில் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு கருத்துக்கணிப்பு வெளியிட்டது. அதில் கருத்துச் சொன்ன பலரில் குஷ்புவும் ஒருவர். மணப்பெண் கன்னியாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பிலிருந்து சமூகம் விடுபட வேண்டும். அப்படி உறவு கொள்கிற பெண் கர்ப்பத்திலிருந்தும் பால்வினை நோய்களிலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். இதில் பாதி, மருத்துவர் சொல்கிற அறிவுரை!

[திரையில்: 24.9.2005]

இங்கேதான் என்னை உலுக்கிய விஷயம் வருகிறது. பேட்டி ஒரு இதழில் வந்தது. தீ பரவியதில் பெரும் பங்கு வேறொன்றுக்கு. செப்டம்பர் 24 அன்று ஒரு தமிழ் நாளிதழ், அந்தப் பேட்டியை எடுத்துப் போட்டு, இது தமிழ்நாடு முழுக்கப் பரபரப்பை உண்டாக்கிவிட்டது என்று எழுதியது. கூடவே, தங்கள் நிருபரிடமும் குஷ்பு பேசியதாகச் சொல்லி, இன்னும் காரமான சில வரிகளையும் அச்சிட்டது. அக்டோபர் 2 அன்று குஷ்பு அந்த நாளிதழுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்: நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று. அதற்குள் அவர் சொன்னதும், சொன்னதாக வந்ததும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

இன்றைக்கு இதை எப்படிச் செய்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒரு மணி நேரப் பேட்டியில் பன்னிரண்டு நொடியை வெட்டி எடுத்து, மேலே ஒரு தலைப்பு. அதற்கு ஒரு பதில் வீடியோ, அந்தப் பதிலுக்கு ஒரு பதில். மூன்றாவது நாளில் சண்டை போடுகிற யாரும் மூலப் பேட்டியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். பேச்சும் திசை மாறிவிடும். சொன்னது சரியா தப்பா என்ற கேள்வி போய், சொன்ன பெண் எப்படிப்பட்டவள் என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும். இதே கருத்தை ஒரு ஆண் நடிகர் சொல்லியிருந்தால் அவருடைய ஒழுக்கத்தை யாராவது விசாரித்திருப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த நவம்பரில் குஷ்பு மேட்டூர் நீதிமன்றத்துக்குப் போனபோது முட்டையும் தக்காளியும் வீசினார்கள். அவருடைய வாதத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சரி, நீதிமன்றம் என்ன செய்தது? 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்குகளை ரத்து செய்ய மறுத்து, எல்லாவற்றையும் சென்னையில் ஒரே நீதிமன்றத்துக்கு மாற்றியது. 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் 23 புகார்களையும் ரத்து செய்தது. தமிழ்ப் பெண்கள் எல்லோரையும் அவதூறு செய்துவிட்டார் என்பது புகார். அவதூறு என்றால், பாதிக்கப்பட்டவர் இன்னார் என்று அடையாளம் காட்ட முடிய வேண்டும். இங்கே அப்படி யாருமில்லை என்றது நீதிமன்றம். ஒழுக்கக்கேடு என்று ஒருவர் நினைப்பதெல்லாம் சட்டப்படி குற்றம் ஆகிவிடாது என்றது. தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்: அவர் கருத்து பிடிக்கவில்லையா, பத்திரிகையிலோ வேறு பொது மேடையிலோ மறுத்துப் பேசியிருக்கலாமே, பேச்சுரிமையையே அச்சுறுத்துகிற மாதிரி சட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது.

இப்போது சிலர் இதைப் பிடித்துக்கொண்டு, 'அப்படியென்றால் பெண்களைக் கேவலப்படுத்துகிற பாட்டையும் யாரும் தட்டிக் கேட்கக் கூடாது, அதுவும் பேச்சுரிமைதானே' என்று வருவார்கள். கிடையவே கிடையாது. 2015 டிசம்பரில் இணையத்தில் கசிந்த அந்த 'பீப்' பாடலை நினைத்துப் பாருங்கள். பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கின. அந்த எதிர்ப்பு முழுக்க நியாயம்; எதிர்ப்பதும் பேச்சுரிமைதான். விமர்சனம் வந்ததும் 'வாயை அடைக்கிறார்கள்' என்று அலறுகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சமும் பரிவு இல்லை. ஆனால் போலீஸ் வழக்கு வரை போனபோது எனக்கு உடன்பாடு இல்லை. குஷ்புவுக்கு ஒரு நியாயம், எனக்குப் பிடிக்காத பாட்டுக்கு வேறொரு நியாயம் என்று நான் பேச முடியாது.

அப்படியானால் கோடு எங்கே? 2015 மார்ச் 24 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. எரிச்சலூட்டும், மனம் புண்படுத்தும் பதிவுகளுக்கு மூன்று ஆண்டு வரை சிறை தரக்கூடிய பிரிவு அது. ஒன்றை விவாதிக்கலாம், பிறருக்குப் பிடிக்காவிட்டாலும் ஆதரித்து வாதாடலாம், தூண்டிவிடுகிற கட்டம் வந்தால்தான் அரசு குறுக்கே வரலாம் என்றது அந்தத் தீர்ப்பு. ஒரு பெண்ணின் இன்பாக்ஸில் போய் 'உன்னை என்ன செய்கிறேன் பார்' என்று எழுதுவது கருத்து இல்லை, மிரட்டல். அவள் வீட்டு முகவரியைப் போட்டுக் கூட்டத்தை ஏவுவதும் கருத்து இல்லை. இதற்கெல்லாம் போலீஸுக்குப் போகத்தான் வேண்டும், தயங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. செல்லாது என்று அறிவித்த பிறகும் பல மாநிலங்களில் போலீஸ் 66ஏ-யில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, இந்தப் பிரிவில் யார் மேலும் வழக்கு நடத்தக் கூடாது என்று உத்தரவு போட வேண்டியதாயிற்று. உங்களுக்குத் தெரிந்த யாராவது ஒரு பதிவுக்காகக் காவல் நிலையம் போயிருந்தால், எந்தப் பிரிவில் வழக்கு என்று கேட்டுப் பாருங்கள். பெயர் எதுவும் போடாமல் கமெண்டில் எழுதுங்கள். அடுத்த வீடியோவை அதை வைத்தே செய்யப் போகிறேன்.