கொலையாளி யாருன்னு முதல்லயே சொல்லிருவோம்: குறுக்குத்துறை படித்துறையில மூணு படம்

[காட்சி: தாமிரபரணி, குறுக்குத்துறை. சாயங்கால வெயில். படிக்கட்டுல நாலு பேர், நடுவுல ஒரு தூக்குவாளி காப்பி.]

வணக்கம். நெல்லையில இருந்து பேசுதேன். இந்த வீடியோவை ஆரம்பிக்கதுக்கு முன்னாடியே மூணு படத்தோட முடிவையும் சொல்லிருதேன். "அந்த நாள்" படத்துல புருஷனைச் சுட்டது பொண்டாட்டி உஷா. "புதிய பறவை"யில சித்ரா சாவுக்குக் காரணம் கோபால். "பாபநாசம்" படத்துல அந்தப் பையனோட உடல் கிடக்கிறது புது போலீஸ் ஸ்டேஷன் தரைக்கு அடியில.

இன்னும் பார்க்காதவங்க இங்கேயே நிறுத்திட்டு, படத்தைப் பார்த்துட்டு வாங்க. உண்மையாவே சொல்லுதேன், வீடியோ எங்கேயும் ஓடிராது.

எங்க நாலு பேருக்கும் ஒரே விதிதான். படத்தை அவங்கவங்க வீட்டுல ஒரு தடவை பார்த்துரணும். ஞாயித்துக்கிழமை படித்துறையில கூடினா, முடிவைச் சொல்லிட்டுத்தான் பேச்சைத் தொடங்கணும். இந்த விதியைக் கொண்டுவந்தது எங்க ஆபரேட்டர் அண்ணாச்சி. முப்பது வருஷம் தியேட்டர்ல படம் ஓட்டினவரு. "நான் ஒரு படத்தை அம்பது நாள் ஓட்டுனேன்னா, நாலு ஷோ கணக்குக்கு இருநூறு தடவை வே. கொலையாளி யாருங்கிறது முதல் நாள் மேட்னியிலேயே தெரிஞ்சு போவும். மிச்ச நூத்துத் தொண்ணூத்தொம்பது தடவை நான் எதைப் பார்த்தேன்? அதைப் பேசுங்க" அப்படின்னாரு. அன்னைக்குப் பிடிச்சுதான் இந்தக் கூட்டம் நடக்கு.

இன்னும் ரெண்டு பேர் இருக்காவ. ஒருத்தர் பாளையங்கோட்டை கோர்ட்ல வக்கீல் குமாஸ்தாவா இருந்து ஓய்வு பெற்ற மாமா. சாயங்காலமானா பாலத்தைத் தாண்டி சைக்கிள்ல வந்துருவாரு. இன்னொருத்தர் டீச்சரக்கா. பள்ளிக்கூடத்துல தமிழ் நடத்துதாவ, சினிமாவுல வசனத்தைக் காது கொடுத்துக் கேக்கிறவிய.

[காட்சி: கருப்பு வெள்ளை நிழல் ஓவியம். ஒரு அறை, கீழே விழுந்து கிடக்கிற உருவம்.]

முதல்ல "அந்த நாள்". 1954. ஏவி.எம். தயாரிப்பு, இயக்கம் எஸ். பாலசந்தர். வீணை பாலசந்தர்னு நாம சொல்லுவோமே, அவரேதான். இவ்வளவு பெரிய சங்கீதக்காரர் எடுத்த படத்துல ஒரு பாட்டு கிடையாது. டான்ஸ் கிடையாது, சண்டையும் கிடையாது. பாட்டே இல்லாம வந்த முதல் தமிழ்ப் படம் இதுதான்.

கதை நடக்கிறது 1943 அக்டோபர். சென்னை மேல ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயம். ரேடியோ என்ஜினியர் ராஜன், அதாவது சிவாஜி, படம் ஆரம்பிச்ச உடனே குண்டடி பட்டுச் செத்துப் போறாரு. "பராசக்தி" வந்து ரெண்டு வருஷம்கூட ஆகல, ஊரே கொண்டாடுற நாயகனை முதல் காட்சியிலேயே பிணமாக் காட்டுதாங்க. அதுக்கு அப்புறம் சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தம் வந்து ஒவ்வொருத்தரையா விசாரிக்காரு. அந்த வேஷம் போட்ட ஜாவர் சீதாராமன்தான் படத்துக்கு எழுத்தும்.

பாட்டு இல்லாததைப் பத்தி ஆபரேட்டர் அண்ணாச்சி ஒண்ணு சொன்னாரு. வேற யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. "பாட்டுன்னா என்ன தெரியுமா? பீடி குடிக்க வெளிய போற நேரம். காப்பி குடிக்கிற நேரம். ஜனங்க எழுந்திரிச்சுப் போயி, திரும்பி வந்து 'என்னாச்சு'ன்னு பக்கத்துல கேப்பாவ. பாட்டே இல்லேன்னா கதவு இல்லாத வீடு மாதிரி. உள்ள வந்தவன் வெளிய போக முடியாது."

கொலையாளி யாருன்னு தெரிஞ்ச பிறகு இந்தப் படத்தை மறுபடி பாருங்க. ராஜனோட அண்ணன் ஒரு ராஜனைச் சொல்றாரு. அண்ணி ஒரு ராஜனைச் சொல்றாங்க. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு ராஜன், நாட்டியக்காரி அம்புஜத்துக்கு ஒரு ராஜன். ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர் மேல கையைக் காட்டுதாங்க. முதல் தடவை பார்க்கும்போது 'இதுல யாரு பொய் சொல்லுதா'ன்னு தேடுவோம். ரெண்டாவது தடவைதான் புரியும், அவங்க அவங்க வருத்தம்தான் அங்க வாக்குமூலமா வருது.

டீச்சரக்காவுக்கு இந்தப் படம்னா உயிர். உஷாவா நடிச்ச பண்டரிபாயைப் பத்திச் சொல்லும்போது குரல் கம்மிப் போவும். "மத்தவிய எல்லாம் ராஜன் தங்களுக்கு என்ன செஞ்சான்னு சொல்லுதாவ. இவ ஒருத்திதான் அவன் நாட்டுக்கு என்ன செஞ்சான்னு பாக்கா. ஜப்பானுக்கு உளவு சொல்லுதான்னு தெரிஞ்ச பிறகும் அவனைத் திருத்தப் பாக்கா. தாலி கட்டினவனை விட்டுக் கொடுக்கவும் முடியல, அவன் செய்யிறதைப் பொறுக்கவும் முடியல. இந்தப் பாரம் முகத்துல முதல் காட்சியிலேயே இருக்கு. நாமதான் அதைப் புருஷன் செத்த துக்கம்னு நினைச்சுட்டோம்."

[இடைவெளி. ஆத்துச் சத்தம் மட்டும்.]

"புதிய பறவை"க்கு வாரேன். 1964, தாதா மிராசி இயக்கம், சிவாஜியோட சொந்தத் தயாரிப்பு. "சேஸ் எ க்ரூக்கட் ஷேடோ"ங்கிற ஆங்கிலப் படம், அதுல இருந்து வங்காளத்துல வந்த "சேஷ் அங்கா", அந்த வழியில தமிழுக்கு வந்த கதை. வேர் வெளியூர்ல இருந்தாலும், எங்க அபிப்பிராயத்துல, தமிழ்ல ஒரு குற்றவாளியை இவ்வளவு நெருக்கமா உக்கார வைச்சுக் காட்டின படம் வேற இல்ல.

கோபால் சிங்கப்பூர்ல இருந்து கப்பல்ல வாராரு. லதாவைப் பாக்காரு, பழகுதாரு. ரயிலைக் கண்டா மனுஷன் ஆடிப் போயிருதாரு. ஏன்னு கேட்டா, மனைவி சித்ரா தண்டவாளத்துல தற்கொலை பண்ணிக்கிட்டான்னு கதை சொல்லுதாரு. நமக்கும் பாவமா இருக்கும். அப்போதான் "நான்தான் சித்ரா"ன்னு ஒருத்தி வந்து நிக்கா. அவளை யாருன்னு நிரூபிக்க முடியாம மனுஷன் தவிக்கிற தவிப்பு இருக்கே! கடைசியில, அவ சித்ரா இல்லேன்னு நிரூபிக்க ஒரே வழி, சித்ரா எப்படிச் செத்தான்னு அவரே வாயைத் திறந்து சொல்றதுதான். அறைஞ்சதுல செத்துப் போனா, உடலைத் தண்டவாளத்துல போட்டேன். சொல்லி முடிச்ச பிறகுதான் தெரியுது, லதாவே போலீஸ்.

இப்ப ரெண்டாவது தடவை பாருங்க. "எங்கே நிம்மதி" பாட்டு வரும்போது முதல் தடவை பாக்கிறவங்க அழுவாங்களாம், ஏற்கெனவே பார்த்தவங்க சத்தமே இல்லாம உக்காந்திருப்பாங்களாம். ஆபரேட்டர் அண்ணாச்சி புரொஜக்டர் அறை ஓட்டை வழியாப் பார்த்தது. ஒரே பாட்டு. ஒருத்தருக்கு அது பொண்டாட்டியை இழந்தவன் புலம்பல், இன்னொருத்தருக்கு அது ஒப்புதல் வாக்குமூலம். சிவாஜி ரெண்டு பேருக்கும் சேர்த்து நடிச்சிருக்காரு. நடிப்பு அதிகம்னு சொல்றவங்க உண்டு. கோபால்னு ஒருத்தன் படம் முழுக்க நடிச்சுக்கிட்டே இருக்கான், அப்போ அதிகமாத்தான் இருக்கும்னு நான் சொல்லுவேன்.

இங்கதான் குமாஸ்தா மாமா துண்டை உதறிப் போட்டுக்கிட்டு எழுந்தாரு.

"எல்லாம் சரிதான் வே. ஆனா இந்த வாக்குமூலம் கோர்ட்டுல நிக்குமா?"

அன்னைக்கு ராத்திரி ஒன்பதரை வரைக்கும் அதுதான் பேச்சு. மாமா சொன்னதை அப்படியே தாரேன். 1872-ஆம் வருஷத்து சாட்சியச் சட்டம், பிரிவு 25. போலீஸ் அதிகாரிகிட்ட கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை குற்றவாளிக்கு எதிரா நிரூபிக்கக் கூடாது. அடிச்சு வாங்கியிருக்கலாங்கிற பயத்துலதான் அந்த விதி. மாஜிஸ்திரேட் முன்னால, யாரும் மிரட்டாம, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 164-ஆம் பிரிவுப்படி கொடுத்தாத்தான் அதுக்கு மதிப்பு. 2024 ஜூலை 1-ல இருந்து புதுச் சட்டங்கள் வந்து நம்பரெல்லாம் மாறிட்டு, ஆனா சாரம் அதேதான். லதா போலீஸ் அதிகாரி. கோபாலுக்கு அது தெரியாது. அப்போ அந்த வாக்குமூலம் செல்லுமா, செல்லாதா? "இதை வைச்சு ரெண்டு வக்கீல் ஒரு வாரம் வாதாடலாம்"னாரு மாமா.

டீச்சரக்கா விடல. "மாமா, கோபால் தோத்தது கோர்ட்டுல இல்ல. லதா முகத்தைப் பார்த்தான் பாருங்க, அங்க." மாமாவும் ஒத்துக்கிட்டாரு. ஆனாலும் அவரு கேட்ட கேள்விதான் அடுத்த படத்துக்கு எங்களைக் கொண்டு போயி விட்டுச்சு.

[காட்சி: மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம், தூரத்துல இருந்து.]

"பாபநாசம்", 2015. ஜீத்து ஜோசப் மலையாளத்துல 2013-ல எடுத்த "த்ரிஷ்யம்" படத்தை அவரே தமிழ்ல எடுத்தாரு. வசனம் ஜெயமோகன். கமல் பேசுனது நம்ம ஊருப் பேச்சு. எங்களுக்கு இது சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம் மாதிரி, குறை கண்டுபிடிக்கவே போய் உக்காந்தோம். சில இடத்துல பேச்சு கொஞ்சம் தூக்கலாத் தெரியுதுன்னு டீச்சரக்கா சொன்னாவ. எனக்கு அப்படித் தெரியல. எங்க பெரியப்பா இன்னும் அப்படித்தான் பேசுதாரு.

சுயம்புலிங்கம் கேபிள் டிவி நடத்துறவரு. படிப்பு இல்ல, சினிமாதான் படிப்பு. போலீஸ் பெரிய அதிகாரியோட மகன், மூத்த மகளைப் படம் எடுத்து மிரட்ட, அந்தத் தகராறுல பையன் செத்துப் போறான். அதைக் கண்ணு முன்னாலேயே காட்டிடுறாங்க. யாரு, எப்படி, ஏன், எல்லாம் தெரிஞ்சு போச்சு. அப்புறம் என்ன இருக்கு படத்துல? ஒண்ணே ஒண்ணுதான்: உடல் எங்க?

மாமாவுக்கு இந்தப் படத்துல பிடிச்சது சாட்சிகள். "ஒருத்தன்கூடப் பொய் சொல்லல, கவனிச்சீரா?" உண்மைதான். குடும்பத்தோட வெளியூர் போனது நிஜம். சாப்பிட்டது நிஜம், சினிமா பார்த்தது நிஜம். போன நாள் மட்டும்தான் வேற. பிறகு ஒவ்வொருத்தரையும் போய்ப் பார்த்து, பேச்சோட பேச்சா அந்தத் தேதியை அவங்க மனசுல விதைச்சுட்டு வாராரு. சாட்சி சொல்றவன் மனசார நம்பிச் சொல்லுதான். குறுக்கு விசாரணையில அசைக்கவே முடியாத சாட்சி அதுதான்னு, நாப்பது வருஷம் கோர்ட்டு வராந்தாவுல நின்ன மனுஷன் சொல்லுதாரு.

அந்தப் பழைய சாட்சியச் சட்டத்துல பிரிவு 27-னு ஒண்ணு இருந்துச்சாம். போலீஸ் காவல்ல இருக்கிறவன் ஒரு இடத்தைச் சொல்லி, அங்க போய்த் தோண்டிப் பொருள் கிடைச்சா, அந்த அளவுக்கு அவன் சொன்னது சாட்சியம் ஆயிரும். இப்ப படத்தை நினைச்சுப் பாருங்க. சின்ன மகளை அடிச்சு இடத்தைக் கேக்காங்க. அவ சொல்லுதா. தோண்டுதாங்க. பையன் அங்க இல்ல. அப்பா வேற இடத்துக்கு மாத்தினது வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. அடி தாங்காம யாரு என்ன சொன்னாலும் அந்த இடம் வெளிய வராது. குடும்பத்துக்கிட்டே மறைச்சது நம்பிக்கை இல்லாம இல்ல, அவங்களைக் காப்பாத்தத்தான்.

உடல் இல்லேன்னா கொலை வழக்கே கிடையாதுன்னு ஊருல ஒரு பேச்சு இருக்கு. அது தப்பு. மத்த சாட்சியம் பலமா இருந்தா, உடல் கிடைக்காமலே தண்டனை கொடுக்கலாம்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. சுயம்புலிங்கம் தப்பிச்சது உடலை மறைச்சதால மட்டும் இல்ல, மத்த சாட்சியத்தையும் தன் பக்கம் திருப்பி வைச்சதால. இன்னொண்ணும் மாமா சொன்னாரு: "அந்தப் பிள்ளைக்காகத் தற்காப்புன்னு வாதாடியிருக்கலாம். நல்ல கேஸ் அது." ஆனா விசாரிக்க வாரது செத்த பையனோட அம்மா. எளிய மனுஷன் எந்த நம்பிக்கையில ஸ்டேஷன் படியேறுவான்னு டீச்சரக்கா கேட்டாவ. மாமா பதில் சொல்லல. காப்பியை ஊத்திக் கொடுத்தாரு.

முதல் பாதி இழுவைன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. டீக்கடை, கேபிள் ஆபீஸ், கட்டிக்கிட்டு இருக்கிற போலீஸ் ஸ்டேஷன், லஞ்சம் வாங்குற போலீஸ்காரர், எல்லாம் அந்த இழுவையிலதான் இருக்கு. ஒளிச்சு வைச்ச இடத்தை நம்ம கண்ணு முன்னாலேயே கட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. மூணாவது தடவை பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு.

[காட்சி: இருட்டிட்டு. கோயில் விளக்கு ஆத்துல தெரியுது.]

"மூடுபனி"யும் எடுத்தோம், 1980, பாலு மகேந்திரா. இளையராஜாவுக்கு நூறாவது படம். அதுல கொலைகாரன் யாருங்கிறது மறைக்கிற விஷயமே இல்ல. அவன் மனசுதான் கதை. ஆனா ஒரு மனநோயை ஒரு பழைய நினைவுல கட்டிப் போட்டுட்டாங்கன்னு எனக்கும் டீச்சரக்காவுக்கும் வருத்தம். ஒளிப்பதிவைப் பத்தி ஆபரேட்டர் அண்ணாச்சி தனியா ஒரு வீடியோ கேக்காரு. தந்துருவோம்.

அடுத்த ஞாயிறு "பொம்மை". அதுவும் 1964, அதுவும் எஸ். பாலசந்தர். குண்டு வைச்ச ஒரு பொம்மை கைமாறிக் கைமாறிப் போவுது. பார்த்துட்டு வாங்க. ஏன்னா அண்ணாச்சி உக்காந்த உடனே முதல் வரியிலேயே முடிவைச் சொல்லிருவாரு.