சொல்லின் சுற்றம்

அவையோருக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் அரிய சொற்களைச் சேர்க்க நினைப்பவர் முதலில் தேடுவது ஆயிரம் சொல் பட்டியலை. அதை மூடி வையுங்கள். பட்டியலில் நிற்கும் சொல் உற்றார் உறவு அறுந்தது. 'இன்க்ளெமென்ட்' என்றால் 'கடுமையான' என்று அகராதி சொல்லும். அதை நம்பி 'இன்க்ளெமென்ட் எக்ஸாம்' என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார். அந்தச் சொல் பெரும்பாலும் 'வெதர்' ஒன்றோடுதான் குடித்தனம் நடத்துகிறது. 'இன்வெட்டரேட்' தேடிப் போவதோ பொய்யன், சூதாடி போன்ற, பழக்கத்தில் ஊறிப்போனவர்களை.

எனவே, படிக்கிற நூலிலிருந்தே சொல்லை எடுங்கள். துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள நூற்றுக்கு ஏறத்தாழ 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. அப்படியானால் 300 சொல் பக்கத்தில் தெரியாதவை ஆறு. இருபது இருந்தால் அந்த நூல் இப்போதைக்கு வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று சொல் போதும். பேராசைப்பட்டுப் பதினைந்து எடுப்பவர் இரண்டாம் வாரமே திரும்பப் பார்க்க நேரமின்றிக் கைவிடுவார்.

எடுத்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை போடுங்கள். அட்டையின் முன்புறம் சொல்லை எழுதாதீர்கள். அது வந்த வாக்கியத்தை எழுதி, சொல்லின் இடத்தைக் காலியாக விடுங்கள். பின்புறம் சொல், பொருள், கூட வரும் இரு சொற்கள், உச்சரிப்பு. சொல்லைப் பார்த்துப் பொருள் சொல்வது படிக்க உதவும். பேசும்போது தேவைப்படுவது எதிர்வழி. உச்சரிப்பையும் விடாதீர்கள்: 'epitome' என்பது 'எபிடோம்' அல்ல, 'எபிடமி'.

1885-இல் ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து காட்டியது, மறதி முதல் நாளிலேயே கடுமையாகத் தாக்கும் என்பதை. ஆகவே 1, 3, 7, 16, 35-ஆம் நாட்களில் அட்டையைப் பாருங்கள். தவறினால் அது மறுபடி முதல் நாளுக்குப் போகட்டும்.

வேர்ச்சொல் நல்ல துணை. 'பேசுதல்' என்னும் லத்தீன் வேர் ஒன்றிலிருந்தே 'எலக்வென்ட்' (நாவன்மை மிக்க), 'லொக்வேஷியஸ்' (ஓயாமல் பேசும்), 'சொலிலக்வி' (தனக்குத்தானே பேசுதல்) மூன்றும் கிளைத்தன. ஆனால் வேர் ஏமாற்றவும் செய்யும்: எழுத்தில் ஒன்றுபோல் தொடங்கினாலும், 'பெடஸ்ட்ரியன்' வந்தது 'பாதம்' என்னும் லத்தீன் வேரிலிருந்து, 'பீடியாட்ரிக்ஸ்' வந்தது 'குழந்தை' என்னும் கிரேக்க வேரிலிருந்து.

அதைவிடப் பொல்லாதது ஒலி. 'எனர்வேட்' எனர்ஜி தருவதல்ல. நரம்பை உருவியதுபோல் சோரவைப்பது. 'நாய்சம்' இரைச்சலல்ல, துர்நாற்றம். இந்த இனத்துக்கு வேறு நிற அட்டை வைத்து, பின்புறத்தில் முதல் வரியாக 'இது எது அல்ல' என்பதை எழுதுங்கள்.