கைமாற்று கரண்ட்

எல்லோருக்கும் வணக்கம். "மாநிலங்களுக்கு இடையே மின்சார ஒத்துழைப்பு" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டாலே கொட்டாவி வரும், எனக்கும்தான். அதனால் பக்கத்து வீட்டில் ஒரு ஆழாக்கு அரிசி கைமாற்றாக வாங்குவோமே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

கேரளா அதைத்தான் செய்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் அங்கே அணைத் தண்ணீர் இறங்கிவிடும், வீட்டுக்கு வீடு ஏசி ஓடும், அப்போது பஞ்சாப் மாதிரி மாநிலங்களிடம் மின்சாரம் வாங்கிக்கொள்ளும். காசு கிடையாது. மழை பிடித்து அணை நிரம்பியதும் யூனிட்டுக்கு யூனிட், மேலே கொஞ்சம் கூட்டி, மின்சாரமாகவே திருப்பித் தரும். பஞ்சாபில் அப்போது நெல் நடவு. ஆழ்குழாய் மோட்டார்கள் ராத்திரி பகலாக ஓடும் நேரம். நமக்கும் ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைக் கரண்ட் மிஞ்சும், கோடையில் இழுத்துப் பிடிக்கும். அதே கதைதான்.

சரி, கொடுக்க மனசிருந்தாலும் கம்பி வேண்டுமே? 2012-ல் தமிழ்நாடு மணிக்கணக்கில் இருட்டில் கிடந்தது நினைவிருக்கும். வெளியில் விலைக்கு மின்சாரம் இருந்தது, அதைத் தெற்கே கொண்டுவரப் பாதை போதவில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே வருஷம் ஜூலை 30, 31-ல் வடக்கே மின்தொகுப்பு, அதாவது மாநிலங்களைச் சேர்த்துக் கட்டிய மின்கம்பி வலை, சரிந்தபோது, அதில் முழுசாகச் சேராமல் தனிக்குடித்தனம் இருந்த ஒரே காரணத்தால் தெற்கு தப்பித்தது. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வந்து நம்மையும் கூட்டுக்குடும்பத்தில் சேர்த்தது. அப்புறம் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் பக்கத்துப் புகளூர் வரை 6,000 மெகாவாட் பாதை, அங்கிருந்து திருச்சூருக்கு 2,000.

ஆனால் ஒத்துழைப்பு என்று நான் நினைப்பது மின்கோபுரத்தை அல்ல, கணக்கை. ஒரு நாளைக் கால் மணி நேரமாக 96 துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு எடுப்பேன் என்று ஒவ்வொரு மாநிலமும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னதை மீறினால் அபராதம். முதல்வர்கள் தண்ணீருக்காக மேடையில் முறைத்துக்கொள்ளும் நாளிலும் அந்த 96 துண்டுக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இப்போது சிக்கல் வேறு. மத்தியானம் வெயிலடித்தால் ஐந்து தென் மாநிலங்களிலும் சோலார் ஒரே நேரத்தில் பொங்குகிறது, சாயங்காலம் ஏழு மணிக்கு ஐந்துக்கும் ஒரே நேரத்தில் பசிக்கிறது. எல்லா வீட்டிலும் ஒரே வேளையில் அரிசி தீர்ந்தால் யாரிடம் போய்க் கேட்பது? பகலில் தண்ணீரை மேலே ஏற்றி ராத்திரி இறக்கி மின்சாரம் எடுக்கும் நீலகிரியின் குந்தா, கர்நாடகத்தின் சராவதி மாதிரித் திட்டங்களை அவரவர் மாநிலத்துக்கு மட்டும் என்று பார்க்காமல், பொதுக் குதிராக வைத்துக்கொள்ள முடியுமா என்று அதிகாரிகளைக் கேளுங்கள். முன்வரிசையிலேயே ரெண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.