தள்ளி யோசித்தது யார், தள்ளிப் போட்டது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சட்டமன்றக் கூட்டத்தொடரில் எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் மக்களா, மக்கள் பிரதிநிதிகளா? இதுதான் தலைப்பு. நான் 'மக்களே' அணி.

எனக்கு முன் பேசிய முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஐயா சொன்னார்: "மக்களிடம் விட்டால் ஆளுக்கொரு தெருவிளக்கு கேட்பார்கள். பத்து வருஷம் தள்ளி யோசிக்க மாட்டார்கள்." கைதட்டலும் வாங்கிவிட்டார்.

ஐயா, அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தைக் கேட்டது யார்? பவானியில் உபரியாகப் போகும் தண்ணீரைத் திருப்பி எங்கள் குளம் குட்டைகளை நிரப்புங்கள் என்று கொங்கு விவசாயிகள் அறுபது வருஷமாகக் கேட்டார்கள். தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி வந்தது, தண்ணீர் வரவில்லை. அவிநாசியில் உண்ணாவிரதம்கூட இருந்து பார்த்தார்கள். கடைசியில் 1.5 டிஎம்சி தண்ணீரை 1,045 நீர்நிலைகளுக்குக் கொண்டுபோகும் திட்டமாக அது திறக்கப்பட்டது 2024 ஆகஸ்டில்! தள்ளி யோசித்தது யார், தள்ளிப் போட்டது யார்?

சரி, மக்கள் பிரதிநிதிகளாகவே வரிசை போட்டால் எப்படி இருக்கும்? 2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகிறது. எந்தத் தொழிலாளி கேட்டான்? கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ்.

கட்சி பார்த்துப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். 2017 ஜனவரி 23, அப்போது ஆட்சி வேறு. காலையில் ஆளுநர் உரை, மாலையில் ஜல்லிக்கட்டுச் சட்டத்திருத்தம் நிறைவேறிவிட்டது. மெரினாவில் கூட்டம் உட்கார்ந்ததால் ஒரே நாளில் வேலை முடிந்தது. (அன்று காலையில்தான் அந்தக் கூட்டத்தைப் போலீஸ் அப்புறப்படுத்தியது, அது தனிக்கதை.) ஆக, அழுத பிள்ளைக்குத்தான் பால். அழக் கடற்கரை இல்லாத ஊர்க்காரன் என்ன செய்வான்?

கஜானாவில் எவ்வளவு இருக்கிறது என்று மக்களுக்குத் தெரியாது என்கிறார்கள். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. கணக்கை நீங்களே பாருங்கள், வரிசையை மட்டும் எங்களிடம் கேளுங்கள். கேட்க இடமா இல்லை? வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. ஜனவரி 26-ல் ஒன்று. பட்ஜெட் வருவது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில். அந்தத் தீர்மானங்களைத் துறைவாரியாகத் தொகுத்து, துறைவாரியாகப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்னால் 234 பேர் மேசையிலும் வைத்தால் என்ன? நகரத்துக்கு வார்டு கூட்டத் தீர்மானங்களை வையுங்கள். மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மறுக்கும் காரணம் அவைக்குறிப்பில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். முன்னாள் உறுப்பினர் ஐயாவிடம் ஒரே கேள்வி. உங்கள் தொகுதியின் கிராம சபைத் தீர்மானம் ஒன்றையாவது கையில் வைத்துக்கொண்டு நீங்கள் சட்டமன்றத்தில் பேசியதுண்டா? உண்டு என்றால் எழுந்து சொல்லுங்கள், இப்போதே உங்கள் அணிக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.