ஸ்பானிஷ் படிக்க ஏன் குவாத்தமாலா? பிள்ளைகள் படிப்பு கெடலையா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். திருப்பூர்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அக்கா, ஸ்பானிஷ் கத்துக்கணும்னா ஸ்பெயினுக்கே போயிருக்கலாமே? ரெண்டு பிள்ளைகளையும் ஸ்கூல்ல இருந்து நிறுத்திட்டு ஏன் குவாத்தமாலா போனீங்க? அவங்க படிப்பு கெடலையா?" போன வாரத்துல இருந்து இந்தக் கேள்வி என் மனசுலயே சுத்திட்டு இருக்கு.

சின்ன விஷயத்தை முதல்ல முடிச்சிடறேன். படிப்பு கெடலை. ஜனவரியில போனோம், ஈஸ்டர் முடிஞ்சதும் அமெரிக்காவுல நாங்க இருக்கிற ஹூஸ்டனுக்குத் திரும்பிட்டோம். மத்தியானத்துல கணக்கு மட்டும் விடாம போட வெச்சோம். மத்த பாடத்தையெல்லாம் அந்த ஊரே சொல்லிக் கொடுத்துச்சு.

குவாத்தமாலா மத்திய அமெரிக்காவுல ஸ்பானிஷ் பேசற நாடு. நாங்க போனது அங்க இருக்கிற ஆன்டிகுவாங்கிற ஊருக்கு. ஏன் ஆன்டிகுவா? ஸ்பெயினோட பார்த்தா செலவு ரொம்பக் கம்மி, அது ஒண்ணு. ஹூஸ்டன்ல இருந்து குவாத்தமாலா சிட்டிக்கு விமானத்துல மூணு மணி நேரம்தான், அங்கிருந்து காருல ஏறினா ஆன்டிகுவா. ஆனா பெரிய காரணம் அங்க பாடம் நடக்கிற விதம். ஒரு மாணவருக்கு ஒரு டீச்சர். முற்றத்துல சின்னதா ஒரு மேஜை, எதிரெதிரா ரெண்டு நாற்காலி, காலையில நாலு மணி நேரம். ஊர் முழுக்க இந்த மாதிரி பள்ளிக்கூடங்க இருக்கு. எங்க நாலு பேருக்கும் நாலு மேஜை.

ஆமா, நானும் எங்க வீட்டுக்காரரும் சேர்த்துத்தான். நம்ம பழைய வீடியோ பார்த்தவங்களுக்குத் தெரியும், இதை நான் எத்தனை தடவை வேணாலும் சொல்லுவேன்: பிள்ளையை வகுப்புல விட்டுட்டு நாம காபி கடையில போய் உட்காரக் கூடாது. நாமளும் பக்கத்துல உட்கார்ந்து அ, ஆ-வுல இருந்து படிக்கணும். என் பையன் கூச்ச சுபாவம். முதல் வாரம் தலையை மட்டும் ஆட்டினான். அடுத்த மேஜையில அவங்க அப்பா திணறித் திணறி, ஆனா நிறுத்தாம பேசறதைப் பார்த்த பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.

அவனோட டீச்சர் பாடத்தை அடிக்கடி தெருவுல நடந்துக்கிட்டே நடத்துவாங்க. ஆன்டிகுவாதான் ஒரு காலத்துல மத்திய அமெரிக்காவுல ஸ்பானியர் ஆட்சிக்குத் தலைநகர். 1773-ல வந்த பூகம்பத்துல ஊர் நொறுங்கிப் போய், தலைநகரத்தை இப்போ இருக்கிற குவாத்தமாலா சிட்டிக்கு மாத்திட்டாங்க. இடிஞ்ச மடங்களும் சர்ச்சுகளும் இன்னைக்கும் அப்படியே நிக்குது. ஆனா லா மெர்செத் சர்ச் மட்டும் பூகம்பத்துக்கு ஆறு வருஷம் முன்னாடி, 1767-ல கட்டி முடிச்சது, பெருசா சேதமில்லாம தப்பிச்சிருக்கு. "இந்தத் தூண் ஏன் இவ்வளவு குட்டையா, பருமனா இருக்கு?"ன்னு என் பையன் கேட்டான். புத்தகத்துல இல்லாம, அவனா யோசிச்சு ஸ்பானிஷ்ல கேட்ட முதல் கேள்வி அது. பூகம்பத்தைத் தாங்கணும்னுதான் உயரத்தைக் குறைச்சு, சுவரைத் தடிமனாக்கிக் கட்டினாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. வரலாறு, அறிவியல், மொழி மூணும் ஒரே தூண்ல முடிஞ்சது.

ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்தைச் சொல்லாம விட முடியாது. மரத்தூளுக்குச் சாயம் ஏத்தி, அச்சு வெச்சுத் தூவி, பைன் இலை, பூவெல்லாம் பரப்பி, தெருவையே கம்பளமா ஆக்கிடுவாங்க. நம்ம மார்கழிக் கோலத்தைத் தெரு நீளத்துக்கு இழுத்து விட்ட மாதிரி இருக்கும். ராத்திரி முழுக்க வீட்டு ஆளுங்க எல்லாரும் குனிஞ்சு உட்கார்ந்திருப்பாங்க. மரத்தூள் பறக்காம இருக்கத் தண்ணி தெளிக்கிற வேலை என் பொண்ணுக்கு. ஊதா அங்கி போட்டவங்க சுரூபத்தை, அதாவது சர்ச் சிலையை, தோள்ல சுமந்துக்கிட்டு அது மேலயே நடந்து போவாங்க. பின்னாடியே துப்புரவுக்காரங்க வந்து கூட்டி அள்ளிடுவாங்க.

சரி. ஆனா தங்கச்சி, நீங்க "யார்கிட்ட படிச்சீங்க"ன்னு கேட்டிருந்தா நான் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

நாங்க தங்கினது ஒரு குடும்பத்தோட வீட்டுல. அங்க ஒரு பாட்டி. பக்கத்துல சான் அன்டோனியோ அகுவாஸ் காலியென்டெஸ்ங்கிற ஊர்ல பொறந்தவங்க, இடுப்புல கட்டி நெய்யற தறிக்குப் பேர் போன ஊர். அவங்க தாய்மொழி ஸ்பானிஷ் கிடையாது, காக்சிக்கெல். அந்த மண்ணோட பூர்வகுடிகளான மாயா மக்கள் பேசற மொழிகள் குவாத்தமாலாவுல 22 இருக்கு, அதுல ஒண்ணு. சின்னப் பொண்ணா வீட்டு வேலைக்கு ஆன்டிகுவா வந்த பிறகுதான் ஸ்பானிஷே கத்துக்கிட்டாங்களாம். அதனால தெரியாத மொழியில சாப்பாடு கேட்கிறது எவ்வளவு கஷ்டம்னு அவங்களுக்குத் தெரியும். என் பொண்ணு தப்பாப் பேசினா "தப்பு"ன்னு சொல்லவே மாட்டாங்க. சரியான வாக்கியத்தைத் தன் பதிலுக்குள்ள வெச்சுத் திருப்பிக் கொடுப்பாங்க, அதுவும் நிதானமா.

பாடம் நடந்தது அடுப்படியில. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில வேக வெச்சு ராத்திரி முழுக்க ஊற விடுவாங்க. காலையில தோல் வழுக்கிக்கிட்டு வரும். கழுவி, தெருமுனை மில்லுல அரைச்சு, ரெண்டு கையாலயும் தட்டித் தட்டி தோர்த்தியாங்கிற சோள ரொட்டி போடுவாங்க. என் பொண்ணு தட்டினது ஓரமெல்லாம் கிழியும். பாட்டி ஒண்ணும் சொல்லாம அடுத்த உருண்டையை அவ கையில வைப்பாங்க. அந்தச் சுண்ணாம்பு இல்லைன்னா சோளத்துல இருக்கிற நியாசின்ங்கிற வைட்டமின் உடம்புல சரியா சேராது. ஐரோப்பாவுக்குச் சோளம் போனப்போ இந்தப் பக்குவம் கூடப் போகல. சோளத்தையே நம்பியிருந்த ஏழைங்க, அந்த வைட்டமின் குறைஞ்சா வர்ற பெல்லாக்ரா நோயில விழுந்தாங்க. எழுத்து கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டி கையில இவ்வளவு அறிவு இருந்துச்சு.

அந்த நாட்டுல 1960-ல இருந்து 1996 வரைக்கும் உள்நாட்டுப் போர். ரெண்டு லட்சம் பேருக்கு மேல கொல்லப்பட்டாங்க, காணாமப் போனாங்கன்னு உண்மை அறியும் ஆணையம் சொல்லுது. அதுல பெரும்பாலானவங்க மாயா மக்கள். பாட்டி அதைப் பத்திப் பேசினதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஆனா ஸ்பானிஷ் படிக்கப் போற பிள்ளைக்கு, அந்த மண்ணுல அதுக்கு முன்னாடியே பேசிட்டு இருந்த மொழிகள் இருக்கு, இன்னைக்கும் இருக்குன்னு தெரியணும். அதைத் தெரிஞ்சுக்காம திரும்பி வந்திருந்தா, அப்பதான் படிப்பு கெட்டதுன்னு நான் சொல்லுவேன்.

நீங்க போறதா இருந்தா நவம்பர்ல இருந்து ஏப்ரலுக்குள்ள போங்க, மழை இருக்காது. குழாய்த் தண்ணி குடிக்காதீங்க. தங்குற வீட்டுல பெரும்பாலும் ஞாயித்துக்கிழமை சாப்பாடு கிடையாது, அன்னைக்குச் சந்தைக்குப் போயிடலாம். சைவம்னா கருப்பு பீன்ஸ், வறுத்த நேந்திரம் கிடைக்கும், முட்டை சாப்பிடறவங்களுக்கு முட்டையும் கிடைக்கும். பீன்ஸ்ல பன்றிக் கொழுப்பு சேர்ப்பாங்களான்னு முன்கூட்டியே கேட்டுக்கோங்க. பள்ளிக்கூடத்துக்கு எழுதும்போது வைஃபை இருக்கான்னு கேட்கிறதோட, வீட்டுல பாட்டி யாராவது இருக்காங்களான்னும் ஒரு வரி சேர்த்துக் கேளுங்க.