நிழல்ல உக்காந்துதாங்க சாப்பிட்டோம்

நடுவர் ஐயா அவர்களே, திருவாரூர் பெரியோர்களே, முன் வரிசையில தூங்காம இருக்குற தம்பி தங்கச்சிகளே, எல்லாருக்கும் வணக்கங்க. பழைய காலத்த நாம இன்னைக்கு தேடி அறியுறோமா, இல்ல இஷ்டத்துக்கு திரிக்கிறோமாங்குறதுதான் தலைப்பு. நான் அறியுறோம்ங்குற கட்சி.

எதிரணி அண்ணன் பேச வந்த உடனே வாட்ஸ்அப்ப எடுத்துட்டாரு. தஞ்சாவூர் பெரியகோயில் கோபுர நிழல் தரையில விழாதுன்னு ஃபார்வர்டு வருது, அதையும் நம்புறாங்க, இதுவா அறியுறதுன்னு கேட்டாரு. அண்ணே, போன சித்திரையில தங்கச்சி பிள்ளைங்கள கூட்டிட்டுப் போயிருந்தேன், வெயிலுக்கு ஒதுங்கி அந்த நிழல்லதாங்க உக்காந்து புளிசாதம் சாப்பிட்டோம்! சின்னது உடனே போட்டோ எடுத்து அவங்க பேமிலி குரூப்புலயே போட்டுருச்சு, அனுப்புன பெரியப்பா அதோட கப்சிப்.

கதை கட்டுறது என்னங்க புதுசா? அந்தக் கோயில காடுவெட்டிச் சோழன் கட்டுனாருன்னுதான் ஒரு காலத்துல சொல்லிட்டு இருந்தாங்க, கோயில் செவுத்துலயே ராஜராஜன் பேரு இருக்கு, படிக்கத்தான் ஆளில்ல. 1886ல சென்னை மாகாண கல்வெட்டு ஆய்வாளரா வந்த ஹுல்ஷ் படிச்சு சொன்னப்புறம்தான் விஷயம் ஊர்ஜிதமாச்சு. நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில சோழர் ஓவியம் இருக்குன்னு 1931ல ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடிச்சாரு, அதுவரைக்கும் எத்தன பேரு அந்த செவுத்த கடந்து போயிருப்பாங்க பாருங்க.

சரி, ராஜா கதைய விடுங்க. எனக்குப் பிடிச்சது தளிச்சேரிப் பெண்டுகள் கல்வெட்டுதான். ஆடிப்பாட 400 பெண்கள சோழநாட்டு கோயில்கள்ல இருந்து தஞ்சாவூருக்கு கொண்டுவந்து குடிவச்சிருக்காங்க, எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவோட எந்தப் பக்க வரிசை), எத்தனாவது வீடு, பேரு என்ன, எல்லாம் வெட்டியிருக்கு, ஆளுக்கு வருஷம் 100 கலம் நெல்லு. நம்ம ஆரூர்ல இருந்தும் போயிருக்காங்கய்யா! முன்னாடி இதப் படிச்சவங்க ராஜாவோட கொடைன்னு பெருமையா கணக்கு பாத்தாங்க, இன்னைக்குப் படிக்கிற பொண்ணு அவங்க விருப்பப்பட்டா போனாங்கன்னு கேக்குது. அண்ணன் இத திரிக்கிறதுங்குறாரு. கல்லுல ஒரு எழுத்து மாறல, கேக்குற ஆளு மாறியிருக்கு, அவ்ளோதான்.

மணி அடிச்சிட்டீங்களா, இதோ முடிச்சிட்டேன் ஐயா. அன்னைக்கு கோயில விட்டு வெளிய வரும்போது சின்னது கேட்டுச்சு, மாமா அந்த 400 வீடும் இப்ப எந்தத் தெருவுல இருக்குன்னு. எனக்குத் தெரியல. அண்ணனுக்கு தஞ்சாவூருதான் சொந்த ஊரு, அடுத்து மறுபடி அவருதான் பேச வர்றாரு, சொல்லட்டும்.