கண்ணாடி இழைக்குப் பாம்புச் செவி

[திரையில்: தரையோடு தாடையை ஒட்டிப் படுத்திருக்கும் பாம்பு]

அடுத்த அறையில் கிசுகிசுத்தாலும் காதில் வாங்கிவிடுகிற ஆளைப் பார்த்து, பாம்புச் செவி என்போம். வேடிக்கை என்னவென்றால், பாம்புக்கு வெளிக்காதே கிடையாது. தரையின் அதிர்வு கீழ்த்தாடை எலும்பில் ஏறி உள்காதுக்குப் போகிறது. இன்று நாம் பார்க்கப்போகிற ஆசாமியும் மண்ணுக்குள் நீட்டிப் படுத்துக்கொண்டு கேட்கிற ரகம்தான். மைக் இல்லை, பேட்டரி இல்லை. இன்டர்நெட்டுக்காகப் புதைத்த சாதாரண ஆப்டிகல் ஃபைபர் கேபிள்.

[திரையில்: இழையின் குறுக்குவெட்டு]

மேல்பூச்சை உரித்துவிட்டால் மிஞ்சுவது 125 மைக்ரான் தடிமனுள்ள கண்ணாடி. அதன் நடுவே ஒளி ஓடும் பாதை சுமார் 9 மைக்ரான்தான். உருகிய கண்ணாடியை இழையாக இழுத்து ஆறவைக்கும்போது அது எல்லா இடத்திலும் ஒரே சீராக உறைவதில்லை. இங்கே கொஞ்சம் நெருக்கம், அங்கே கொஞ்சம் தளர்வு. அவற்றில் இடறுகிற ஒளி துளித்துளியாக நாலா பக்கமும் சிதறும். வானத்தை நீலமாகக் காட்டுகிற அதே ராலே சிதறல். கிலோமீட்டருக்கு சுமார் 0.2 டெசிபல் ஒளி இழப்பதில் பெரும்பங்கு இதனால்தான் என்பதால், தொலைத்தொடர்புக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. ஆனால் அப்படிச் சிதறியதில் ஒரு சொட்டு வந்த வழியே திரும்பி வருகிறது. நமக்கு வேண்டியது அந்தச் சொட்டு.

கேபிளின் ஒரு முனையில் இன்டராகேட்டர் என்றொரு கருவி. லேசர் துடிப்பை உள்ளே விட்டுவிட்டு, திரும்புகிற ஒளிக்காகக் காத்திருக்கும். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. ஓடுகிறது. ஒரு மீட்டர் போய்வர 10 நானோநொடி. 10 மைக்ரோநொடி கழித்து வந்தால், அது 1 கி.மீ. தொலைவில் சிதறிய ஒளி. வந்த நேரத்தை வைத்தே விலாசம் சொல்லிவிடலாம்.

[திரையில்: மண்ணில் இறங்கும் கடப்பாரை, கீழே கேபிள்]

சரி, கேபிளுக்குப் பக்கத்தில் ஒருவர் கடப்பாரையால் குத்துகிறார். அதிர்வு வந்து இழையைத் துளி இழுக்கிறது, துளி அமுக்குகிறது. உறைந்துபோன அந்தப் புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரம் மாற, திரும்புகிற அலையின் ஏற்ற இறக்கமும் நகர்ந்துவிடுகிறது. நல்ல கருவி என்றால் 10 மீட்டர் இழை 10 நானோமீட்டர் நீண்டாலே கண்டுபிடித்துவிடும். நூறு கோடியில் ஒரு பங்கு!

இதற்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. முதல் துடிப்பின் எதிரொளி முழுக்க வந்து சேராமல் அடுத்ததை அனுப்பினால் விலாசம் குழம்பிவிடும். 50 கி.மீ. கேபிளில் ஒளி போய்வர 500 மைக்ரோநொடி. ஆக, நொடிக்கு அதிகபட்சம் 2,000 துடிப்புகள். ஒலியின் ஓர் அலையைப் பிடிக்கக் குறைந்தது இரண்டு துடிப்பாவது வேண்டும். அதனால் அதில் பாதி, நொடிக்கு 1,000 அலைகள், அதாவது 1,000 ஹெர்ட்ஸ் வரைதான் ஒலியைப் பிடிக்க முடியும். கீச்சுக்குரலெல்லாம் சிக்காது. நிலநடுக்கத்துக்கும் லாரிக்கும் திமிங்கலத்துக்கும் இதுவே தாராளம்.

திமிங்கலம் என்று சும்மா சொல்லவில்லை. 2020இல் வடதுருவத்தை ஒட்டிய நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில், கடலடியில் கிடக்கிற ஒரு கேபிளின் 120 கி.மீ. நீளத்தை வைத்து அவற்றின் பாடலைக் கேட்டார்கள். அதற்கு முன்பே, 2018 மார்ச்சில், கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் ஓர் ஆய்வுக் கேபிள் பராமரிப்புக்காகச் சில நாட்கள் சும்மா கிடந்தது. அந்த இடைவெளியில் அதன் 20 கி.மீ. நீளத்தைக் காதாக மாற்றினார்கள். 4 நாள்தான். ஒரு சிறு நிலநடுக்கம் பதிவானது. வரைபடத்தில் இல்லாத நிலப்பிளவுகளும் தென்பட்டன. கடலடியில் நிலநடுக்கமானி வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

பெருங்கடலைத் தாண்டும் கேபிள்களில் இது அவ்வளவு சுலபமாக நடக்காது. வழியில் இருக்கிற ஒளிப்பெருக்கிகள் பொதுவாக ஒளியை ஒரு திசையில்தான் விடும். சிதறித் திரும்புகிற சொட்டு அங்கேயே நின்றுவிடும். இன்னொரு குறை, இழை தன் நீளவாக்கில் வருகிற இழுப்பைத்தான் நன்றாக உணரும். நேர்பக்கவாட்டில் வந்து மோதுகிற ஒலி அதை அவ்வளவாக நீட்டுவதில்லை. அப்புறம், பாம்பின் தாடை தரையில் பதிந்திருக்க வேண்டும் அல்லவா? குழாய்க்குள் தொளதொளவென்று கிடக்கிற கேபிளுக்குக் காது மந்தம்தான்.

[திரையில்: சாலையோரம் சுத்தியலோடு ஒருவர்]

இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டுக்குக் கடைசியில் ஊரைக் காட்டித்தருவது ஒரு சுத்தியல் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கருவி சொல்வது இழையின் நீளக்கணக்கு. அது சாலையின் கணக்கோடு ஒத்துப்போகாது. அதனால் ஒருவர் நடந்துபோய் ஆங்காங்கே தரையில் ஓங்கி அடிப்பார். வரைபடத்தில் 3,300ஆவது மீட்டரில் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் 3,412இல் கோடு துள்ளுகிறது. அப்படியென்றால், வழியில் ஏதோ ஒரு குழிக்குள் 112 மீட்டர் கேபிளைச் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.